வீடு மாறும் வேளையில்

(பொன் விழா நவநாளில், குடும்ப நாளன்று மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இந்தப் பொன் விழா மலருக்காகச் சில விவரங்கள் தேவைப்பட்டன. அதற்காகச் சென்ற மாதம் ஒரு மாலை, உபதேசியாரோடு அமர்ந்து பங்கின் குடும்பப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் எண்ணத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தோம். ஆனால் நம் கண்ணில் பட்டது வேறொன்று. முகவரி அடித்துத் திருத்தப்படாத பக்கம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது! நீல மையில் ஒரு தெரு. அதை அடித்துச் சிவப்பு மையில் இன்னொரு தெரு. அதற்கும் மேலே பென்சிலில் மற்றொன்று. கடைசியில் ஒரே வரி: 'மாற்றலாகிப் போயினர்'. ஒரு குடும்பத்துக்கு ஆறு முகவரிகள் எழுதி, ஏழாவதுக்கு இடமில்லாமல் ஓரத்தில் காகிதம் ஒட்டியிருந்தது.

உபதேசியார் சிரித்துக்கொண்டே, "நம்ம சனம் அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கிட்டேதான் இருந்திருக்காங்க, சாமி" என்றார். அந்தச் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே குடும்ப நாளான இன்று பெரிய வேத சாத்திரம் பேசப் போவதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் பிரசங்க மேடையில் யாரும் பேசாத ஒரு காரியத்தைப் பேசுவோம். வீடு மாறுவது! அந்த நாளில் நம் விசுவாசம் எங்கே இருக்கிறது? நம் இரக்கம் எங்கே இருக்கிறது?

'எங்களுக்குச் சொந்த வீடு. இது எங்களுக்கான பேச்சல்ல' என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பங்கே வாடகை இடத்தில் பிறந்ததுதான். முதல் திருப்பலிகள் ஓலைக் கொட்டகையில் நடந்தன. அந்த இடம் கைவிட்டுப் போனபோது, பீடமாகப் பயன்பட்ட மேசையை மாட்டு வண்டியில் ஏற்றி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனதாக முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் திருச்சபையைப் பயணம் செய்யும் மக்களாகவே காட்டியது. பயணம் செய்பவருக்குச் சொந்த வீடு ஏது? பட்டா நம் பெயரில் இருக்கலாம். என்றாலும் நாம் அனைவரும் குடியிருப்போரே அன்றி வீட்டுக்காரர் அல்லர்.

ஒரு பங்கே முழுமையாக இடம் பெயர்ந்த வரலாறும் நமக்கு அருகிலேயே உண்டு. 1960-களின் தொடக்கத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கடற்கரையில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேவைப்பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிச் செல்வதே காரணம். அங்கே புனித மகதலா மரியாள் கோவிலும் ஆயர் இல்லமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களைச் சந்தித்துக் கேட்டார். ஆயரும் மக்களும் இசைந்தார்கள். வீடுகளும் கோவிலும் வேறிடம் பெயர்ந்தன. 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. பழைய கோவில் கட்டடம் விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் இளம் பொறியாளராக உழைத்த இடம் அது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

ராக்கெட் ஏறிய நாள் வரலாற்றில் இருக்கிறது. அந்த வீடுகளில் அடுப்பை அணைத்து, பானையைக் கவிழ்த்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்த தாய்மார்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் கடவுளின் புத்தகத்தில் இருக்கும் என்று நம்புகிறோம். நாம் பேசப் போவது அத்தகைய நாளைப் பற்றித்தான்.

வீடு மாறுவதின் பாடு எத்தகையது என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "மகன் வெளிநாட்டிலிருந்து வர்றான், வீடு வேணும்" என்பார். அன்று தொடங்குகிறது தூக்கமின்மை. எந்த வீட்டைக் கேட்டாலும் அட்வான்ஸ் கட்டுக்கு மேல். 'எந்த மதம்? எந்தச் சாதி? எத்தனை பேர்? கறி சமைப்பீர்களா?' என்ற விசாரணை வேறு. வீடு கிடைத்தால் தண்ணீர் இல்லை; தண்ணீர் இருந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரம். பிறகு அட்டைப் பெட்டிகள், சாக்குகள், கயிறுகள். பத்து வருடம் தேடிய சாவி அன்று கிடைக்கும். அன்று தேவையான ரேஷன் கார்டு காணாமல் போகும். கணவன் மனைவிக்குள் அதுவரை இல்லாத சண்டை வரும். பிள்ளை அழுதால் அடி விழும். வயதான தாயோ மூலையில் உட்கார்ந்து, 'என்னை எந்தப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள்?' என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வேளையில்தான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. கோவிலில் முழந்தாளிட்டு, 'ஆண்டவரே, உம்மை நம்புகிறேன்' என்று சொல்வது எளிது. வண்டி வரவில்லை, மழை தூறுகிறது, புது வீட்டுச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை என்னும்போது சொல்வதுதான் கடினம்.

நம் விசுவாசத்தின் தந்தையென்று திருச்சபை போற்றும் ஆபிரகாமைப் பாருங்கள். ஆதியாகமம் அவருடைய விசுவாச வாழ்வை எதில் தொடங்குகிறது? ஒரு வீடு மாறுதலில்! அப்போது அவருக்கு வயது 75. பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்திருக்க வேண்டிய வயதில், ஊரையும் உற்றாரையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படும்படி கடவுள் அவரை அழைத்தார். போக வேண்டிய இடத்தின் விலாசம் கூட முதலில் சொல்லப்படவில்லை. அவரும் புறப்பட்டார். வாக்களிக்கப்பட்ட நாட்டில் கூடாரம் அடித்தார், பிடுங்கினார், மறுபடி அடித்தார். 62 ஆண்டுகள் கழிந்து, சாராள் இறந்தபோதுதான் அந்த நாட்டில் முதல் நிலம் அவருக்குச் சொந்தமாயிற்று. 400 செக்கேல் வெள்ளி எடை போட்டுக் கொடுத்து அவர் வாங்கியது வீட்டு மனை அன்று, மனைவிக்கான கல்லறைக் குகை! வீடு இல்லாமலே அவர் கடவுளை நம்பினார். வீடு கிடைத்தால் நம்புவேன் என்று சொல்லும் நமக்கு அவர் முன்னோர்.

இங்கே ஒரு சிறு கண்டிப்பு. கோபப்பட வேண்டாம். நம்மில் பலர் புது வீட்டுக்குப் போகும் நாளைக் குறிக்க நம்மிடம் வருகிறார்கள். "எப்போ மந்திரிக்க வரலாம்?" என்று கேட்டால், "ஆடி போகட்டும் சாமி" என்பார்கள். "சரி, செவ்வாய் வரட்டுமா?" என்றால் முகம் சுருங்கும். இராகு காலம் தாண்டித்தான் திரு இருதய ஆண்டவர் வாசல்படி ஏற வேண்டுமாம்! அயலார் தங்கள் வழக்கத்தைக் கைக்கொள்வதை நாம் பழிக்கவில்லை. ஆனால் எல்லா நாளையும் படைத்தவர் மீது பாரத்தைப் போட்டுவிட்டோம் என்று சொல்லும் நாம், பஞ்சாங்கத்தின் மீதும் பாதிப் பாரத்தைப் போடலாமா? நாள் நல்ல நாளாவது நட்சத்திரத்தால் அன்று. அன்று நாம் நடந்துகொள்ளும் முறையால்.

நடந்துகொள்ளும் முறை என்றோம். அதையும் ஆபிரகாமிடமே கற்கலாம். அவரோடு அவருடைய சகோதரன் மகன் லோத்துவும் வந்தான். இருவருக்கும் ஆடுமாடுகள் பெருகின. இடம் போதவில்லை. மேய்ப்பர்களுக்குள் சண்டை மூண்டது. பிரிந்து போவதே வழி என்றாயிற்று. பெரியவர் ஆபிரகாம், அழைப்பைப் பெற்றவரும் அவரே. 'நான் எடுத்தது போக மிச்சம் உனக்கு' என்று அவர் சொல்லியிருந்தால் யார் தடுத்திருப்பார்? அவரோ முதல் தெரிவை இளையவனுக்கு விட்டுக் கொடுத்தார். லோத்து தண்ணீர் வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். மிஞ்சிய மேட்டு நிலம் பெரியவருக்கு. அதன் பிறகே கடவுள் மீண்டும் ஆபிரகாமோடு பேசி, நாற்புறமும் கண்ணுக்கெட்டிய நாடு முழுவதையும் வாக்களித்தார் என்று வாசிக்கிறோம்.

இதில் நமக்கு என்ன பாடம்? கடவுளை நம்புகிறவனுக்குப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. தனக்கு வேண்டியதைத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாக இருப்பவனே மற்றவனுக்கு நல்ல பங்கை விட்டுக்கொடுக்க முடியும். ஆகவே நம்பிக்கையும் இரக்கமும் இரண்டல்ல, அன்பர்களே. வேர் மண்ணுக்குள் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. கிளையில் காய் தொங்கினால்தான் வேர் உயிரோடிருப்பது தெரியும்.

திருக்குடும்பத்துக்கு வருவோம். சூசையப்பர் பெற்ற முன்னறிவிப்பு ஒரு மாதத்துக்கு முந்தியது அன்று; ஒரே இரவு! எழுந்தார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டார். எகிப்தில் அவர்களுக்கு யார் திண்ணை கொடுத்தார்கள்? தச்சு வேலைக்கு முதலில் கூப்பிட்டவர் யார்? பாஷை தெரியாத அன்னை மரியாளுக்குத் தண்ணீர்த் துறையைக் காட்டிய பெண் யார்? சுவிசேஷம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரோ செய்திருக்கத்தான் வேண்டும். யூதரல்லாத, கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத யாரோ ஒருவர் மீட்பரின் குடும்பத்துக்குக் கதவைத் திறந்திருக்கத்தான் வேண்டும். பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1952-இல் எழுதிய மடலில், இடம் பெயரும் குடும்பங்கள் அனைத்துக்கும் எகிப்தில் வாழ்ந்த திருக்குடும்பத்தையே முன்மாதிரியாக நிறுத்தினார்.

நமக்குப் பிரியமான சிறுமலர் குழந்தை தெரேசம்மாளின் வீட்டுக் கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய தாய் செலி அம்மையார் பிரான்சு நாட்டில் அலென்சோன் ஊரில் 1877 ஆகஸ்டு 28-இல் இறந்தார். கணவர் லூயி மார்ட்டினுக்கு ஐந்து பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 17 வயது. கடைக்குட்டி தெரேசாவுக்கு 4 வயது. பழகிய ஊர், நண்பர்கள், மனைவியின் கல்லறை எல்லாம் அலென்சோனில். ஆனால் தாயில்லாப் பிள்ளைகளுக்குத் துணையாகத் தாய்மாமனும் அத்தையும் இருந்ததோ லிசியே நகரில். லூயி என்ன செய்தார்? தமக்கு ஆறுதலான ஊரைப் பிள்ளைகளுக்காக விட்டார். தாய்மாமன் இசிதோர் அவர்களுக்காக வீடு தேடினார். அந்த நவம்பரில் பிள்ளைகள் லிசியே வந்து சேர்ந்தார்கள். அந்த வாடகை வீட்டில்தான் ஒரு புனிதை வளர்ந்தாள். 1925-இல் மகளும், 2015-இல் பெற்றோர் இருவரும் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

தெரேசம்மாள் பின்னாளில் எழுதும்போது, ஊர் மாறியதில் தமக்கு வருத்தமே இல்லை, குழந்தைகளுக்கு மாற்றம் பிடிக்கும் என்று குறிப்பிட்டார். எப்படி இல்லாமல் போயிற்று வருத்தம்? அந்த வருத்தத்தைத் தகப்பன் தம் நெஞ்சில் சுமந்துகொண்டார். அத்தை மடி விரித்து வைத்திருந்தார். தாய்மாமன் முன்னே போய்க் கதவைத் திறந்து வைத்திருந்தார். நம் ஊரிலும் தாய்மாமன் சீர் என்றால் தட்டும் மாலையும் மட்டும் அல்லவே! வீடு தேடித் தருவதும் சீர்தான்.

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னோம். நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். குருக்களாகிய நாங்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மூட்டை கட்டுகிறவர்களே. ஒரு மாற்றலின்போது நடந்தது இது. மழைக்காலம். வண்டி மிகவும் தாமதமாக வந்தது. ஏற்றிய புத்தகப் பெட்டிகளின் மேல் தார்ப்பாய் சரியாகக் கட்டப்படாமல், குருமடத்திலிருந்து சேர்த்து வைத்த நூல்கள் பாதி நனைந்துவிட்டன. வழி நெடுக ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தோம். ஆனால் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம்! புதுப் பங்கில் இறங்கியதும், உடன் வந்த கோவில் பிள்ளை தம் பொட்டலத்தைப் பிரித்து, "தம்பி, காலையிலிருந்து நீ சாப்பிட்டியா?" என்று ஓட்டுநரைக் கேட்டார். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. முந்தின இரவு முழுவதும் வேறொரு சுமை ஏற்றி வந்து, தூங்காமல் நேரே நமக்காக வந்தவர். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து இட்லியைப் பகிர்ந்து உண்டார்கள். நாம் ஜெபமாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஐம்பத்து மூன்று மணி மந்திரத்தையும் அன்று வாயால் சொன்னவர்கள் நாம். கையால் சொன்னவர் கோவில் பிள்ளை.

நம் பங்கில் ஒரு வீட்டில் நடந்ததையும் சொல்லி விடுகிறோம். அந்தக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் வீடு மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். போனோம். சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். ஆனால் கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும். ஏன் என்று கேட்டோம். வீட்டுக்காரர் தலை குனிந்தார். அவருடைய தாயார்தான் சொன்னார்கள்.

சுமை தூக்க வந்தவர்களோடு பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவனும் வந்திருக்கிறான். அந்தப் படம் அவர்களுடைய பாட்டன் காலத்துப் படம். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியது என்று துணியில் சுற்றித் தனியே வைத்திருந்தார்கள். பையன் தெரியாமல் அதை எடுக்க, மாடிப்படியில் கால் இடறிப் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. காலையிலிருந்து அலைந்து எரிச்சலில் இருந்த மகன், "அபசகுனம் பண்ணிட்டியேடா!" என்று கை ஓங்கிவிட்டார். அந்தத் தாய், எழுந்து நடக்கவே சுவரைப் பிடிப்பவர்கள், அங்கிருந்தே சத்தம் போட்டிருக்கிறார்கள்: "கையை இறக்குடா! கண்ணாடி கடையில விக்குது. பையன் கையைப் பாரு, ரத்தம் கொட்டுது!"

பிறகு அந்தப் படத்தைச் சுற்றியிருந்த துணியையே கிழித்துப் பையன் கையில் கட்டினார்களாம். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் தையல் போட்டு, அன்றைய கூலியையும் குறைக்காமல் கொடுத்து அனுப்பினார்களாம். சாமான்கள் தெருவில் இரண்டு மணி நேரம் கிடந்தன. "எங்க அம்மா மட்டும் அன்னைக்குச் சத்தம் போடலைன்னா, சாமி..." என்று அந்த மகன் முடிக்காமல் நிறுத்தினார்.

"கண்ணாடி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டோம். "வேண்டாம் சாமி, இப்படியே இருக்கட்டும். கோபம் வரும்போது பார்க்கிறதுக்கு ஆகும்" என்றார் அந்த அம்மா. நாம் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தோம். ஆனால் அந்த வீடு நமக்கு முன்பே மந்திரிக்கப்பட்டிருந்தது என்பதே நம் எண்ணம். நம் பாவத்துக்காகத் திறக்கப்பட்ட இருதயத்தை நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதன் முன்னால் ஒரு கூலிக்காரச் சிறுவனின் கை இரத்தம் சிந்தும்போது, எதற்கு முதலில் ஓட வேண்டும் என்பதை அந்தப் படிக்காத தாய் அறிந்திருந்தார்.

இனி நம் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விழா நாளில் குற்றம் சொல்வதா என்று தோன்றலாம். ஆனால் ஜூபிலி என்பது பழைய ஏற்பாட்டுக் காலத்திலிருந்தே கடன் தீர்க்கும் ஆண்டுதான்.

வேலை மாற்றலாகி ஒரு குடும்பம் நம் ஊருக்கு வந்தது. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தார்கள், கடைசி வரிசையில் முழந்தாளிட்டார்கள், போனார்கள். எட்டு மாதம் கழித்து மறுபடியும் மாற்றல். பங்குக் கடிதம் வாங்க அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அவர்கள் பெயரையே முதன்முதலாக எழுதினோம். அந்தச் சகோதரி குறை சொல்லும் குரலில் பேசவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நாங்க வந்து இறங்கின அன்னைக்கு எங்களுக்குத் தண்ணி குடுத்தது எதிர்வீட்டு பாய் வீட்டம்மாதான், சாமி. ராத்திரிக்குச் சாப்பாடும் அவங்கதான் குடுத்தாங்க. கோவில்ல இருந்து யாராவது வருவாங்கன்னு கொஞ்ச நாள் பாத்துக்கிட்டு இருந்தோம்."

கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! இத்தனை சபைகள் நமக்கு உண்டு. மரியாயின் சேனை உண்டு, வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, இளைஞர் மன்றம் உண்டு. மேலே இந்த உயரமான மணிக்கூண்டும் உண்டு. எட்டு மாதமும் நம் மணி அவர்கள் காதில் விழுந்தது. நம்மில் ஒருவர் குரலும் விழவில்லை. முதற்குற்றவாளி பங்குத் தந்தை என்பதை ஒப்புக்கொள்கிறோம். எகிப்தில் திருக்குடும்பத்துக்குக் கதவு திறந்தவர் யாரோ என்று சற்று முன் கேட்டோமே! நம் ஊரில் அதைச் செய்தவர் ஓர் இஸ்லாமியச் சகோதரி. கடவுள் அவர்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக. நமக்கோ வெட்கத்தைத் தந்து திருத்துவாராக.

ஆகவே இந்தப் பொன் விழாவில் சில தீர்மானங்களை எடுப்போம்.

வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு: கசப்போடு போகாதீர்கள். வீட்டுக்காரர் மீது வருத்தம் இருக்கலாம். ஆனால் அடுத்து வருகிறவன் நமக்கு எதிரியல்லவே! வீட்டைப் பெருக்கி, குப்பையை அகற்றி, இரண்டு குடம் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். பால்காரர் யார், தண்ணீர் எப்போது வரும், எந்தச் சுவிட்சு மின்சாரம் அடிக்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அண்டை வீட்டாரோடு பழைய பிணக்கு இருந்தால், சாமான் ஏற்றுவதற்கு முன் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பெட்டிகளோடு அதையும் ஏற்றிச் செல்ல வேண்டாம்.

வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லுங்கள், கடைசியில் சொல்லாதீர்கள். புது வீட்டில் அவர்கள் படுக்கும் மூலையை முதல் வேலையாகச் சரிசெய்யுங்கள். இஸ்ராயேல் மக்கள் எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட இரவில்கூட, மோசே மூதாதை சூசையின் எலும்புகளை மறவாமல் எடுத்துக்கொண்டார். இறந்தவரின் எலும்புக்கே அந்த மரியாதை என்றால், உயிரோடிருக்கும் தாய் தகப்பனுக்கு எவ்வளவு!

சுமை தூக்குகிறவர்களுக்கு: பேசிய கூலியைப் பேரம் பேசாமல், அன்றே, சூரியன் மறையுமுன் கொடுங்கள். இது நம் ஆலோசனை அன்று; மோசேயின் சட்டம். புது வீட்டில் பால் காய்ச்சும் வழக்கம் நல்ல வழக்கமே. பொங்கிய பாலில் முதல் தம்ளரை, பீரோவைத் தூக்கி மூச்சு வாங்கி நிற்பவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் பால் என்றும் பொங்கும்.

வீட்டுக்காரர்களாயிருக்கும் பங்கு மக்களுக்கு: அட்வான்ஸ் பணம் உங்களுடையதன்று, உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், வீட்டைத் திரும்பப் பெறும்போது நியாயமான கழிவு போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றே சொல்கிறது. சுண்ணாம்பு அடிக்க, ஆணி அடித்த ஓட்டைக்கு என்று கணக்கெழுதி ஏழையின் பணத்தைக் கரைத்துவிட்டு, ஞாயிறன்று காணிக்கைத் தட்டில் போடுவதைக் கடவுள் ஏற்பாரா? பரீட்சை முடியும் வரை ஒரு மாதம் பொறுப்பதும், சாதியும் மதமும் கேட்காமல் வீடு கொடுப்பதும் அவருக்கு உகந்த காணிக்கை.

கடைசியாக, பங்காகிய நமக்கு: இனிமேல் நம் எல்லைக்குள் எந்தத் தெருவில் சாமான் வண்டி வந்து நின்றாலும், அந்தத் தெருவிலுள்ள நம் குடும்பம் ஒன்று குடத்தில் தண்ணீரோடு போய் நிற்க வேண்டும். வந்திறங்குகிறவர் கிறிஸ்தவரா என்று முதலில் கேட்க வேண்டாம். தாகம் எடுத்தவரா என்று பார்த்தால் போதும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர்களும் ஏழைக் குடும்பங்களுக்குத் தோள் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். கோவிலின் கைவண்டியும் கயிறும் அதற்கென இன்றிலிருந்து ஒதுக்கப்படுகின்றன. பதிவேட்டில் முகவரி மாறும்போது, அடித்து எழுதுவது மட்டும் நம் வேலையல்ல. அடித்த இடத்துக்குப் பதிலாக எழுதிய இடத்துக்கு நாமே நடந்து போவோம். பங்குத் தந்தை முதலில் போவார் என்பது நம் வாக்குறுதி.

அன்பார்ந்தவர்களே, நம் ஆண்டவர் தம் சீடரை விட்டுப் பிரியும் இரவில் அவர்களுக்குச் சொன்ன ஆறுதல் என்ன? தந்தையின் இல்லத்தில் இடங்கள் பல உண்டு; அவற்றை ஆயத்தம் செய்யத் தாம் முன்னே போவதாகச் சொன்னார். தாய்மாமனைப் போல முன்னே போய் வீடு பார்த்து வைக்கிற ஆண்டவர் நமக்கு உண்டு! அந்தக் கடைசி வீடு மாறுதலுக்கு வண்டி வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். நாம் கொடுத்த ஒரு குடம் தண்ணீரும், இறக்கிய கையும், விட்டுக் கொடுத்த நல்ல பங்கும் மட்டுமே நம்மோடு வரும்.

எகிப்துக்கு நடந்த சூசையப்பர் வீடு தேடும் குடும்பத் தலைவர்களுக்குத் துணை நிற்பாராக. அன்னை மரியாள் புது அடுப்பு மூட்டும் தாய்மாரின் அருகில் இருப்பாராக. இயேசுவின் திரு இருதயம், கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம் இல்லங்கள் அனைத்திலும் அரசாள்வதாக.

ஆமென்.